களப்பு வாயை வெட்ட யாரைக் கேட்பது?

உள்ளூராட்சி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால், பழைய கிராமசபைகள் எப்படி இருந்தன என்று கேட்கிறார்கள். நன்றாக இருந்தன என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கிறவல் றோட்டு, தகரக் கூரை, தலையிடி. இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கேட்டதற்காக ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். இரண்டு சபைகளை ஒன்றாக்கிய கதை. ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். இந்த வயதில் யாரோடும் சண்டை பிடிக்க எனக்கு ஏலாது.

1. முதல் நாள்

திருகோணமலையிலிருந்து குச்சவெளி போகிற கரையோரப் பாதையில் கூனிமுனை என்று ஓர் ஊர். மீன்பிடிக் குடும்பங்கள். அந்த ஊர்க் கிராமசபைக்கு அறுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம், நான் ஓவசியராகப் போனேன். ஓவசியர் என்றால் றோட்டு, மதகு, பொதுக்கிணறு, சந்தை, சுடலை என்று எல்லாவற்றுக்கும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன். அன்புவழிபுரத்தில் என் மனைவி கஞ்சி போட்டு மினுக்கித் தந்த வெள்ளைக் களிசானோடு பஸ்ஸால் இறங்கினேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

சபைக் கந்தோரில் என்னை வரவேற்க யாரும் இல்லை. சேர்மன் வேலாயுதம் கோயிலடியில் நிற்கிறார் என்றார்கள். அங்கே போனால் அரை ஊர் நின்றது. சேர்மன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்தீங்களே தம்பி, நல்லதாப் போச்சு. களிசானை மடிச்சு விடுங்கோ. வாய் வெட்டுற நாள் பேசப் போறம்" என்றார்.

வாய் என்றால் களப்பின் வாய். கூனிமுனைக்குத் தெற்கே ஒரு களப்பு, கடலோரக் காயல். அது கடலோடு சேர்கிற இடத்தில் கடல் மணலை ஒதுக்கி வருஷம்தோறும் ஒரு திடலைக் கட்டிவிடும். மாரி மழைக்குக் களப்பு நிரம்பும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பின்பக்கமாக ஏறி, மறுகரையில் பெரியசேனைக்காரரின் வயலுக்குள் போகும். பெரியசேனை பெரிய ஊர். வயல், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. தனியாக ஒரு கிராமசபையும் இருந்தது. திடலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய் வயல் தப்பும். ஆனால் களப்பில் வளர்கிற இறாலும் அதோடு போய்விடும். இறால் பருவத்துக்கு வருமுன் வெட்டினால் கூனிமுனைக்கு அந்த வருஷம் இல்லை. பிந்தினால் பெரியசேனைக்கு அந்தப் போகம் இல்லை.

திடல் இருந்தது எங்கள் சபையின் எல்லைக்குள். அதனால் பெரியசேனைச் சபையின் சேர்மன் வந்து கேட்கவேண்டும். இது சட்டத்தில் இல்லை. வழக்கம். அவர்களுடைய சேர்மன் கந்தப்போடி நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல்காரர். அப்படியானவரைப் போடியார் என்பார்கள். தன் ஊரில் யாருக்காகவும் கதிரையை விட்டு எழும்பாத மனிதர். அவர் கார்த்திகை மழையில் குடையும் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்து, திடலால் நடந்து வந்து கோயிலடியில் நின்றார். வேலாயுதத்தார் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவசரப்படவில்லை. வயல் எப்படி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றெல்லாம் கதைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "செல்லம்மா, ஒருக்கால் போய் வாரிப் பார்" என்றார்.

செல்லம்மா அப்போது முப்பது வயது மட்டில் உள்ள ஒரு விதவை. புருசன் கடலில் போனவன். கையில் பிடிக்கிற அத்தாங்கு வலையால் களப்பில் இறால் வாரி, காயவைத்து விற்று, இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மாரி இறால்தான் பங்குனி வரைக்கும் அந்த வீட்டின் அடுப்பு. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வாரிக்கொண்டு வந்து, உள்ளங்கையில் போட்டுப் போடியாருக்குக் காட்டினாள். இறால் அவளுடைய விரலில் இரண்டு மூட்டு நீளம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"ஒரு கிழமை பொறுங்கோ" என்றாள்.

"ஒரு கிழமை ஏலாது. நாத்து மூடிப் போகும். மூண்டு நாள்" என்றார் போடியார்.

பேரம் ஐந்து நாள் என்று முடிந்தது. ஐந்தாம் நாள் கூனிமுனை ஆண்கள் மண்வெட்டியோடு போய் வெட்டினார்கள். முதல் வெட்டு எங்கள் ஊரான், பிறகு இரண்டு ஊராரும். இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. யாருடைய வீட்டிலும் அடுப்பு அணையவும் இல்லை. என் களிசான்தான் போனது.

2. ட்ரக்டர் தருவோம் என்றார்கள்

எழுபதுகளில் சின்னச் சபைகளைச் சேர்த்துப் பெரிதாக்குகிற கதை வந்தது. திணைக்களத்து ஐயா ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். கூனிமுனையும் பெரியசேனையும் ஒரு சபையாக வேண்டும், தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் ஒரு ட்ரக்டர் வாங்கவும் வசதி வராது, சேர்ந்தால் ட்ரக்டர் வரும், டிஸ்பென்சரி வரும் என்றார். அதில் பொய் இல்லை. எங்கள் சபைக்குச் சொந்தமாக இருந்தது ஒரு கைவண்டி, அதிலும் ஒரு சில்லு ஆடும். செத்த நாயைத் தூக்குவதென்றாலும் நான்தான் ஆள் தேடவேண்டும்.

ஊர்ச்சனம் சந்தேகப்பட்டது. செல்லம்மா எழும்பி, வாய் வெட்டுற கதை என்னாகும் என்று கேட்டாள். திணைக்களத்து ஐயாவுக்கு அது விளங்கவில்லை. பல் வைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ. எல்லாம் இப்போது போலவே நடக்கும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

எதிர்ப்பார் என்று நான் நினைத்த வேலாயுதத்தார் மட்டும் கையைத் தூக்கி ஆதரித்தார். எனக்கு அதிசயமாக இருந்தது. பின்நேரம் கந்தோரில் விளக்கம் தந்தார். கந்தப்போடியும் அவருடைய மச்சானும் காணி வழக்கு ஒன்றினால் பத்து வருஷமாக முகம் பார்ப்பதில்லை. பெரியசேனை இரண்டாகப் பிரிந்துதான் நிற்கும். புதுச் சபையில் அங்கே பாதி, இங்கே பாதி. கூனிமுனை யார் பக்கம் சாய்கிறதோ அவன்தான் சேர்மன்.

"தராசு முள்ளு நாங்கதான் தம்பி. ஆரு கண்டது, இந்தக் கதிரை எனக்கே வந்தாலும் வரும்" என்றார்.

அந்தாள் கெட்டவர் அல்ல. ஊருக்குத் துரோகம் நினைத்தவரும் அல்ல. தன் கதிரை பெரிதானால் ஊரும் பெரிதாகும் என்று மனதார நம்பினார். கதிரையில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

சேர்ப்பது நிச்சயம் என்றானதும் இன்னொரு பைத்தியம் பிடித்தது. சபையின் கையிருப்பு புதுச் சபைக்குப் போய்விடும், பெரியசேனைக்காரன்தான் தின்பான், அதற்கு முன் செலவழித்துவிட வேண்டும் என்று எங்கள் மெம்பர்மார் ஆறு பேரும் ஒற்றுமையாகத் தீர்மானித்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக எடுத்த கடைசித் தீர்மானம் அது. மீன் சந்தை கட்டு என்று எனக்குக் கட்டளை. கூனிமுனையில் மீன் விற்பது கரையில்தான், தோணி வந்து தட்டிய இடத்தில். சந்தைக்கு எவன் தூக்கிக்கொண்டு வருவான்? சொன்னேன். கேட்கவில்லை. மழைக்கு முன் முடிக்கச் சொல்லிக் கழுத்தில் நின்றார்கள். கட்டி முடித்தேன். ஆடுகள் படுத்தன.

நாங்கள் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். அதே மாதங்களில் பெரியசேனைச் சபை ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டியது. அதற்குக் கீழால் வைக்கோல் வண்டி போகாது என்று கட்டிய பிறகுதான் கண்டார்கள்.

3. ஒருவருக்கும் துரோகம் செய்யாத வோட்டு

கூனிமுனைக்கு ஆறு வட்டாரம் இருந்தது. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு குடும்பத் தெரு. தேர்தல் என்று பெயர்தானே தவிரப் போட்டி நடந்ததை நான் காணவில்லை. வேட்பாளர் நியமனப் பத்திரம் கொடுக்குமுன் அந்தத் தெருப் பெரியவர்கள் கோயிலில் கூடி, இந்த முறை இன்னார் என்பார்கள். அவர் போட்டியில்லாமல் வருவார். ஊரில் பாதிப் பேர் கிராமசபைக்கு ஒருநாளும் வோட்டுச் சீட்டில் புள்ளடி போட்டதில்லை.

புதுச் சபையில் எங்களுக்கு இரண்டே வட்டாரம். மூன்று தெருவைச் சேர்த்து ஒரு வட்டாரம். ஆறு மெம்பர்மாரில் நான்கு பேர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் ஒருவரும் அப்படி யோசிக்கவில்லை. அவரவர் பழைய தெரு இன்னும் தன்னுடையதுதான், கூடுதலாக இரண்டு தெரு தனக்குக் கிடைத்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். விட்டுக்கொடுத்துப் பழக்கமே இல்லை. போட்டி இருந்தால்தானே விட்டுக்கொடுக்கப் பழகுவது? வேலாயுதத்தாரின் வட்டாரத்தில் அவரோடு சேர்த்துப் பழைய மெம்பர்மார் மூன்று பேரும் தேர்தல் கேட்டார்கள். மூன்று பேரும் அதே கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். மூன்று பேருக்கும் அதே வீடுகள் ஓமென்றன. வாசலுக்கு வந்த சொந்தக்காரனின் முகத்துக்கு நேரே யார் மாட்டேன் என்பது?

பெரியசேனையில் நடந்தது தலைகீழ். கதிரை பெரிதாகிறது என்று கண்டதும் கந்தப்போடியும் மச்சானும் ஒரே பாயில் இருந்து சோறு தின்றார்கள். பத்து வருஷ வழக்கு ஒரு மத்தியானத்தில் சமாதானம். எங்கள் வட்டாரத்தில் பெயருக்கு ஓர் ஆளை நிறுத்தவேண்டும் என்று பஸ் தரிப்பிடத்துத் தேத்தண்ணிக் கடை ஹனிபா காக்காவைப் போடியார் பிடித்தார். கிண்ணியாவிலிருந்து வந்து கடை போட்ட முஸ்லிம் மனுஷன் ஹனிபா; காக்கா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். ஊரில் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. போடியாரின் வாய்க்கு மறுப்புச் சொல்ல ஏலாமல் கையெழுத்து வைத்தார்.

வோட்டுப் போடுகிற இடத்தையும் பெரியசேனைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கிழடு கட்டைகள் மணலில் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. எண்ணி முடித்தபோது ஹனிபா காக்கா வென்றிருந்தார்.

அவரைத் தேடிக் கடைக்குப் போனேன். மனுஷன் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் வெல்லுவன் எண்டு எனக்கே தெரியா ஓவசியர். இனி இந்தச் சனம் என்ட கடையில தேத்தண்ணி குடிக்குமா?" என்றார்.

எனக்கும் கணக்கு விளங்கவில்லை. கடையடியில் இருக்கிற நாலைந்து குடும்பத்தின் வோட்டால் எவன் வெல்லுவான்? சில கிழமைக்குப் பிறகு செல்லம்மா சொன்னாள். ஒளிவு மறைவில்லாமல், இறாலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"மூண்டு பேரும் எனக்குச் சொந்தம், ஓவசியர் ஐயா. ஒராளுக்குப் போட்டா மற்ற ரெண்டு பேருக்கும் துரோகம் செஞ்ச மாதிரி. சாமிக்கு முன்னால நிக்க ஏலாது. அதால ஹனிபா காக்காக்குப் போட்டனான். அவர் எனக்கு ஆருமில்லை."

எனக்குத் தலை சுற்றியது. விசாரித்துப் பார்த்தால் அவளைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள். எல்லோரும் நல்ல மனதோடு, ஒருவருக்கும் துரோகம் செய்யாமல், தங்கள் ஊருக்கே செய்துவிட்டார்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

மற்ற வட்டாரத்தில் எங்கள் ஊராள் ஒருவர் தட்டுத்தடுமாறி வென்றார். போடியார் அவருக்கு உபதலைவர் பதவி கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். கந்தப்போடி சேர்மன். கூனிமுனைக் கந்தோரைப் பூட்டி, அலுமாரியையும் கதிரைகளையும் பெரியசேனைக்கு ஏற்றினோம். ஏற்றிப் போனது புது ட்ரக்டர். சொன்னபடியே வந்துவிட்டது.

4. தீர்மானம்

அந்தக் கார்த்திகையில் மழை முந்திக்கொண்டது. சபைக் கூட்டத்தில் களப்பு வாய் வெட்டுகிற விஷயம் வந்தது. ஓவசியர் என்ற முறையில் நானும் இருந்தேன். பேச்சு அரை மணித்தியாலம்கூட நடக்கவில்லை. ஹனிபா காக்கா எழும்பி, ஊர்ச்சனத்தைக் கேட்காமல் வெட்டக்கூடாது, இறால் இன்னும் பிஞ்சு என்றார். போடியாரின் முகத்துக்கு நேரே சொன்னார். போடியார் கோபிக்கவில்லை. "காக்கா, ஊர்ச்சனத்தின்ட ஆள்தானே நீங்கள். உங்களைக் கேட்டாச்சு. இனி வோட்டுக்கு விடுவம்" என்றார். எங்கள் உபதலைவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஹனிபா ஒருவர் எதிர்த்தார். நிறைவேறியது.

சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. திடல் இப்போது ஒன்றாக்கிய சபையின் எல்லைக்குள். சேர்மன் வேறு சேர்மனிடம் போய்க் கேட்கத் தேவையில்லை, ஏனென்றால் வேறு சேர்மன் இல்லை. கட்டளை என்னிடம் வந்தது.

முன்பு கூனிமுனை ஆண்கள் மண்வெட்டி எடுக்காமல் வாய் திறக்காது. இப்போது ட்ரக்டர் இருந்தது. கலப்பையைப் பூட்டி மணலைக் கிளறிவிட, பெரியசேனைக் கூலியாட்கள் அள்ளிப் போட்டார்கள். கூனிமுனை கரையில் நின்று பார்த்தது. சத்தம் போடுவார்கள், கல்லெறிவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். ஒரு கல்லும் வரவில்லை. வேலாயுதத்தார் கிட்ட வந்தார்.

"போடியார் வந்து கேட்டவரே, தம்பி?"

"சபைத் தீர்மானம், சேர்மன் ஐயா" என்றேன். பழக்க தோசத்தில் வாய் அப்படிக் கூப்பிட்டுவிட்டது.

அவர் ட்ரக்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் கையைத் தூக்கி அதை வரவைத்தவர் அவர். அதை நினைத்தாரோ என்னவோ, குடையை விரிக்காமலே மழைக்குள் நடந்து போனார்.

தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது. பிஞ்சு இறால் எல்லாம் அதோடு போனது. செல்லம்மா இரண்டு மூன்று நாள் அத்தாங்கைத் தூக்கிக்கொண்டு களப்புக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு அதைக் கூரையில் செருகிவிட்டு, பெரியசேனை வயலுக்குக் களை பிடுங்கக் கூலிக்குப் போனாள். போனது கந்தப்போடியின் வயலுக்குத்தான். வேறு எங்கே போவது? எனக்கு அன்றைக்குத்தான் இந்த உத்தியோகம் வெறுத்தது. ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு வர எனக்கும் வழியில்லை.

கதை அதோடு முடியவில்லை. கடல் சும்மா இருக்காது. முந்தி வெட்டிய வாயை அலை திரும்பவும் மணலால் மூடிவிட்டது. மார்கழியில் நாள் கணக்காக அடைமழை. களப்பு பழையபடி நிரம்பியது. ட்ரக்டரைக் கொண்டுவந்தால் ஈர மணலில் அச்சு வரைக்கும் புதைந்தது. பெரியசேனையிலிருந்து வருகிற பாதையும் தண்ணீருக்குள். திடலுக்குப் போகக்கூடியவர்கள் கூனிமுனைக்காரர் மட்டும்தான்.

ட்ரக்டரை இழுக்கப் போன நானும் கூனிமுனையில் மாட்டிக்கொண்டு வேலாயுதத்தார் வீட்டு விறாந்தையில் ஒதுங்கி இருந்தேன். அங்கே கந்தப்போடி வந்து சேர்ந்தார். சின்னத் தோணியொன்றில் யாரோ கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். வேட்டி முழங்காலுக்கு மேலே, உடம்பெல்லாம் சேறு. முற்றத்தில் அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது.

"வேலாயுதம், ஆக்களைச் சொல்லிவிடும். இண்டைக்கு வெட்டாட்டி வயல் முழுக்கப் போயிடும்."

"நான் ஆர் போடியார் சொல்ல? சபையைக் கேளுங்கோ."

"சபை நான்தானே."

"அப்ப உங்களையே கேளுங்கோ."

இவ்வளவு வருஷமும் அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து நான் கேட்டதில்லை. போடியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது வேலியோரம் நின்ற செல்லம்மா முன்னுக்கு வந்தாள்.

"என்னைக் கேளுங்கோ போடியார். வோட்டுப் போட்டனான் நான்தான். என்னட்டைக் கேட்டா நான் பெடியளைக் கூட்டிக்கொண்டு போறன்."

கேலி இல்லை. உண்மையாகத்தான் சொன்னாள். அவளுக்கும் அந்த வயல் வேண்டும். இறால் போன பிறகு அறுவடைக் கூலிதான் மிச்சம். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பெடியன்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள், நான் கண்டேன். போடியார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் வயலில் களை பிடுங்குகிறவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "நாளைக்குச் சபையைக் கூட்டி முடிவெடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினார்.

மழைக்குள் யார் சபைக்கு வருவது? கூட்டம் நடக்கவில்லை. சில நாள் கழித்துக் கடலே திடலை உடைத்தது. அதற்குள் பயிர் தண்ணீருக்கு அடியில் கிடந்து அழுகிவிட்டது. அந்த வருஷம் இறாலும் இல்லை, நெல்லும் இல்லை. இரண்டு ஊரும் கடையரிசிக்கு நின்றன.

அடுத்த தேர்தலில் கூனிமுனையில் வோட்டுப் போடப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். வேலாயுதத்தார் தேர்தல் கேட்கவும் இல்லை, வோட்டுப் போடவும் இல்லை. ஹனிபா காக்கா சண்டை பிடித்து ஊருக்கு டிஸ்பென்சரி கொண்டுவந்தார். அதையும் சொல்லவேண்டும். நல்லதும் நடந்தது.

5. விறாந்தை வாங்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமசபைகள் எல்லாவற்றையும் கலைத்து, மாவட்டம் முழுவதற்கும் ஒரே சபையாக்கினார்கள். கந்தப்போடியின் கதிரையும் போயிற்று. என்னைத் திருகோணமலைப் பட்டினத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். துறைமுகம் தெரிகிற ஒரு கந்தோரில் மேசை தந்தார்கள். நான் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது.

பிள்ளைகளே, சபைகளைச் சேர்ப்பது பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆடுகிற கைவண்டியோடு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு எல்லைக் கோட்டை அழிக்குமுன் ஒருக்கால் அந்த இடத்துக்குப் போய், அங்கே யார் யாரைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். எங்கள் எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை. எனக்கு அது விளங்கியபோது எனக்கு மேலே இருந்தவர்களுக்குக் களப்பு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

நான் பட்டினத்துக்கு வந்த கார்த்திகையில் ஒருநாள் காலை பஸ்ஸில் கந்தப்போடி கந்தோருக்கு வந்தார். நன்றாக மெலிந்து, பொல்லு ஊன்றி வந்தார். வாயை வெட்ட உத்தரவு வேண்டும். அதே பஸ்ஸில் செல்லம்மாவும் வந்திருந்தாள், இப்போதைக்கு வெட்டவேண்டாம் என்று சொல்ல. உள்ளே இருந்த ஐயா ஊருக்குப் புதியவர். மரியாதையான ஆள்தான். எந்தக் களப்பு, எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். இது எஞ்சினியர் பார்க்கவேண்டிய விஷயம், அவர் மூதூர்ப் பக்கம் போயிருக்கிறார், வந்ததும் சொல்லுவோம் என்றார். எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது.

இரண்டு பேரும் விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்குப் பலகையில் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். மத்தியானம் ஆகியது. நான் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். குடித்து முடித்தும் போடியார் வெறும் கிளாசைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பாமல், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இறால் எப்பிடி இருக்குது, செல்லம்மா?"

அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இன்னும் பத்தேல்லை போடியார். ஒரு கிழமை தந்தா நல்லம்" என்றாள்.

"ஒரு கிழமை ஏலாது பிள்ளை. தண்ணி வரம்புக்கு வந்திட்டுது. மூண்டு நாள்."

"மூண்டு நாளைக்கு என்ன வரும்? ஆறு."

"அஞ்சு."

"சரி, அஞ்சு."

அவர் தலையாட்டினார். அவளும் தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், எழுதிக்கொள்வேன் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஐயா சாப்பிடப் போயிருந்தார். ஐந்து நாள் என்பதை யாரிடம் சொல்வதென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.